சொல்தா வீட்டுக் குதிரைகள்

1988 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் தொடங்கிய நாள் என்று நாடு அதை நினைவு வைத்திருக்கிறது. அதே நாளில் தென்கொரியாவின் சியோல் நகரில், ஒலிம்பிக் நிறைவு விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, பியேர் துரான் என்ற பிரெஞ்சுக்காரர் ஜாப்புலு என்ற கறுத்த, குட்டையான குதிரையில் ஏறித் தடை தாண்டும் போட்டியில் தங்கம் வென்றார். மகாபாரதத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாகூர் கொம்யூனில், நெல்லும் கரும்பும் தவிர வேறொன்றும் அறியாத எங்கள் ஊரில், அந்தக் கறுப்புக் குதிரையைப் பற்றித் தெருவே வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்காக இன்றும் ஏங்குகிறேன்.

குதிரை எங்கள் ஊருக்குள் வந்த வழி சொல்தா வீட்டு வழி. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். டவுனில் அவர்கள் நிறைய. கிராமங்களில் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. எங்கள் தெருச் சொல்தா தாத்தா இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர். ஊரிலேயே முதல் மாடி அவர் கட்டியது. முதல் ஃப்ரிட்ஜ் அவர் வீட்டுக்கு வந்தது. முதல் டிவியும் அங்கேதான். சாலிடேர், கறுப்பு வெள்ளை, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த பெட்டி. பொழுது சாய்ந்ததும் கூடத்துக் கதவையும் திண்ணைப் பக்கத்து ஜன்னலையும் அகலத் திறந்துவிடுவார். ஆண்கள் திண்ணையில், பெண்கள் நடையில், பிள்ளைகள் உள்ளே சிமெண்ட் தரையில். ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்த வீடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். "ராணுவத்துல ஒரே தட்டுல தின்னவன்டா நான், எனக்கு இன்னா வித்தியாசம்" என்று தாத்தா ஒருமுறை வெளிப்படையாகவே சொன்னார். முகம் சுளித்தவர்களும் டிவிக்காக வந்துதான் உட்கார்ந்தார்கள்.

சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15இல். அதைப் புதுச்சேரிப் பக்கம் பிடிக்க உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்ட வேண்டியிருந்தது. படம் பாதி, புள்ளி பாதி. 1984இல் நாளுக்கு ஓர் ஒளிபரப்பு நிலையம் என்ற வேகத்தில் தூர்தர்ஷன் நாடெங்கும் பரவியது. அதற்குப் பிறகுதான் குக்கிராமத்திலும் முகம் முகமாகத் தெரிந்தது. அலைவரிசை ஒன்றே ஒன்று. வருவதைப் பார்க்க வேண்டும். வயலும் வாழ்வும் வந்தால் அதை, இந்திச் செய்தி வந்தால் அதை, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு அதை. அந்த வரிசையில்தான், யாரும் கேட்காமலே, குதிரை தாண்டுவதும் வந்து சேர்ந்தது. ஒலிம்பிக் வந்தால் வந்தது, ஆசிய விளையாட்டு வந்தால் வந்தது. குடியரசு தின அணிவகுப்பில் ஜெய்ப்பூரின் 61ஆவது குதிரைப்படை தலைப்பாகையோடு போகும்போது தாத்தா எழுந்து நின்றே பார்ப்பார். அந்தப் படைக்கும் நான் சொல்லப்போகும் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் முதன்முதலாகக் குதிரையேற்றம் சேர்க்கப்பட்டது. அப்பு யானையும், நாட்டில் கலர் டிவி வந்த கதையும் எல்லோருக்கும் தெரியும். குதிரைகளின் கதை அவ்வளவு தெரியாது. மூன்று நாள் போட்டி என்று ஒன்று உண்டு. முதலில் குதிரையின் ஒழுங்கான நடை, அடுத்து காட்டுப் பாதையில் மரக்கட்டையும் பள்ளமும் நீரும் தாண்டும் ஓட்டம், கடைசியில் மைதானத்துக்குள் கழிகளைத் தாண்டுவது. இந்த மூன்றையும் சேர்த்து 61ஆவது குதிரைப்படையின் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வாங்கினார். வெள்ளி குலாம் முகமது கானுக்கு. குழுத் தங்கமும் இந்தியாவுக்கே. ஈட்டியால் முளை பிடுங்கும் போட்டியில் ருபிந்தர் சிங் பிரார் இன்னொரு தங்கம். கழி தாண்டுவதை மட்டும் தனியாக வைத்த போட்டியில் தங்கம் வென்றது ஒரு பெண், குவைத் நாட்டு நாதியா அல்-முதவ்வா. அன்று எங்கள் தெருவில் டிவி கிடையாது. இதையெல்லாம் டவுனில் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் சொன்னவர் சொல்தா தாத்தா. எங்கள் பெண்கள் மறக்காமல் வைத்துக்கொண்டது ரகுபீர் சிங்கை அல்ல, அந்தக் குவைத் பெண்ணை. "ஆம்பளைங்கள வரிசையா நிக்க வெச்சு ஜெயிச்சாளாம்" என்று எங்கள் அத்தை பல வருஷம் கழித்தும் சொல்வார். இந்த விளையாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் போட்டி இல்லை என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெருவுக்குப் புரிந்துவிட்டது.

இனி அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். பார்க்காதவர்களுக்கு அது பணக்காரர் பொழுதுபோக்காகத் தோன்றலாம். பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

வேலி போட்ட புல்தரை. அதற்குள் பத்துப் பன்னிரண்டு தடைகள். சில ஒற்றைக் கழி அடுக்கு, செங்குத்தாக நிற்கும். சில இரட்டை, உயரத்தோடு அகலமும் தாண்ட வேண்டும். ஒலிம்பிக்கில் உயரம் 1.60 மீட்டர் வரை வரும். அதாவது எங்கள் ஊர்ப் பெண்களின் தலை உயரம். கழிகளைக் கட்டி வைப்பதில்லை, ஆழமில்லாத சின்னக் கிண்ணம் போன்ற தாங்கியில் சும்மா வைத்திருப்பார்கள். குளம்பு லேசாக உரசினாலே உருளும். உருண்டு விழுந்தால் நாலு தண்டப் புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றுவிட்டால் அந்தக் காலத்தில் மூன்று. அன்று மூன்றாம் முறை மறுத்தால் வெளியே. நேரம் கடந்தாலும் அன்று கால் கால் புள்ளியாக ஏறும். எதையும் தட்டாமல் வந்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர் இருந்தால் மறுபடி ஒரு சுற்று, இந்த முறை கடிகாரத்தோடு.

போட்டிக்கு முன்னால் வீரர்கள் குதிரையை விட்டுவிட்டு மைதானத்துக்குள் நடந்தே போவார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே காலடி வைத்து அளப்பார்கள். குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறக்குறைய 12 அடி, மனிதக் காலடியில் நாலு. இங்கிருந்து அங்கே ஐந்து பாய்ச்சலா ஆறு பாய்ச்சலா, நீட்டி விடுவதா இழுத்துப் பிடிப்பதா என்று அங்கேயே முடிவு செய்துகொள்வார்கள். குதிரைக்கு அந்தப் பாதையை முன்கூட்டிக் காட்டக் கூடாது. அது ஏறி வரும்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கும். அளந்தவன் மனிதன், தாண்ட வேண்டியது குதிரை. நடுவில் இருப்பது ஒரு கடிவாளமும் இரண்டு தொடையும்தான்.

இந்த நடை அளவை எங்கள் பெரியப்பாவைக் கட்டிப் போட்டுவிட்டது. அவர் டிவி பார்க்க வருகிறவரே இல்லை. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஏரி நிரம்புமா என்பது ஒன்றுதான் அவர் கவலை. நிலத்தைக் காலடி வைத்தே குழிக்கணக்கு சொல்லிவிடுவார். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தையில் மாடு பிடிக்க ஊரே அவரைத்தான் கூட்டிப் போகும். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ராத்திரி ஏதோ தகவல் சொல்லச் சொல்தா வீட்டுக்கு வந்தவர், கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் புல்தரையில் காலடி வைத்து அளப்பதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இவனும் கொல்லி அளக்கறானே" என்றார். அப்புறம் குதிரை வந்தது. அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்துதான் பார்த்தார்.

அவர் பார்த்தது நாங்கள் பார்க்காத இடம். பிள்ளைகள் நாங்கள் முன்னங்காலைப் பார்த்தோம், கழியைத் தொட்டதா என்று. பெரியப்பா பின்னங்காலைப் பார்த்தார். தாண்டுவதற்கு ஒரு நொடி முன்னால் குதிரை தன் இடுப்பைத் தாழ்த்துகிறது, பின்னங்கால் இரண்டும் ஒன்றாக வயிற்றுக்கடியில் வந்து ஊன்றுகிறது, பிறகுதான் முன்பக்கம் எழும்புகிறது. "சேத்துல மாட்டுன வண்டிய இழுக்கற மாடு இப்படித்தான்டா குந்தும். பலம் அங்கதான் கீது" என்று கையை ஊன்றிக் காட்டினார். ஒரு குதிரை தடைக்கு முன்னால் வந்து சட்டென்று நின்றுவிட்டது. பயந்துவிட்டது என்று திண்ணையில் யாரோ சொன்னார்கள். "பயமில்ல. கணக்கு தப்பிப்போச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு. மேல இருக்கறவனுக்குத்தான் இன்னும் தெரியல" என்றார் பெரியப்பா. நான் பின்னாளில் இந்த விளையாட்டைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். குதிரை மறுப்பதைப் பற்றி இதைவிடச் சரியான விளக்கத்தை எங்கும் படிக்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் பெட்டி என்பதால் எங்களுக்குக் கழிகளின் நிறம் தெரியாது. கட்டம் கட்டமாகக் கறுப்பும் வெளுப்புமாகத் தெரியும். குதிரையிலும் அப்படியே, வெள்ளைக் குதிரை, கறுப்புக் குதிரை, நடுவில் சாம்பல். 1988 சியோலில் அதுவே எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அமெரிக்காவின் கிரெக் பெஸ்ட் ஏறிய ஜெம் ட்விஸ்ட் வெள்ளை. ஜாப்புலு கறுப்பு. பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைக் கட்சி. சொல்தா தாத்தா கறுப்புக் கட்சி. அவர் எந்தக் கட்சி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, பிரான்சுக்கு எதிராக அவர் எதையும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஜாப்புலு விஷயத்தில் அவருக்கு வேறு காரணமும் இருந்தது. அந்தக் குதிரையின் பழைய கதையை அவர் அறிந்திருந்தார்.

ஜாப்புலு 1975இல் பிறந்தது. தகப்பன் பந்தய வண்டி இழுக்கும் ட்ராட்டர் இனம், தாய் பந்தயக் குதிரை இனம். தோளுயரம் 1.58 மீட்டர்தான், மற்றவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டி. இவ்வளவு சின்னக் குதிரையால் பெரிய தடைகளைத் தாண்ட முடியாது என்று வாங்கத் தயங்கிய துரான் பிறகுதான் வாங்கினார். அவர் முழுநேர வீரர்கூட இல்லை, நொடித்துப்போன கம்பெனிகளின் கணக்கைத் தீர்க்கும் சட்ட வேலை பார்த்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், குழுப் போட்டியில், ஒரு தடைக்கு முன்னால் ஜாப்புலு திடீரென்று நின்றது. துரான் அதன் தலைக்கு மேலாகப் பறந்து விழுந்தார். கடிவாளம் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. கடிவாளமில்லாத குதிரை மைதானம் முழுக்க ஓடியது. உலகமே பார்த்த அவமானம். பி.டி. உஷா தடை ஓட்டத்தில் நொடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்ட அதே ஒலிம்பிக்தான் அது. உஷாவுக்காக அழுத எங்கள் தெரு, நாலு வருஷம் கழித்து சொல்தா தாத்தா வாயால் துரானின் கதையைக் கேட்டதும் உடனே புரிந்துகொண்டது. தடையில் தோற்றவர்கள்மேல் எங்கள் ஆட்களுக்கு ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது.

விழுந்த மனிதரும் நின்ற குதிரையும் நாலு வருஷம் ஒருவரை ஒருவர் விடவில்லை. சியோலில் இறுதிச் சுற்று முடிந்தபோது ஜாப்புலுவின் கணக்கில் மொத்தமே ஒன்றேகால் தண்டப் புள்ளி. கிரெக் பெஸ்ட்டும் மேற்கு ஜெர்மனியின் கார்ஸ்டன் ஹுக்கும் தலா நாலு புள்ளியில் நின்று, வெள்ளி யாருக்கு என்று மறுபடி ஒரு சுற்று தாண்டினார்கள். அதையொட்டி வந்த ஒலிம்பிக் காட்சித் தொகுப்பில் எங்கள் கூடத்தில் ஜாப்புலு வந்தது. நினைவில் இருப்பது ஒரு தடைதான். அகலமான இரட்டைக் கழி. குட்டைக் குதிரை கழிக்கு ரொம்பப் பக்கம் வந்துவிட்டது போலிருந்தது. திண்ணையில் யாரோ "போச்சு" என்றார்கள். அது எழும்பிய விதத்தில் முன்னங்கால் இரண்டும் மோவாய்க்குக் கீழே மடங்கிப் போய்விட, வயிறு கழிக்கு மேல் மெதுவாகப் போவது போலத் தெரிந்தது. பின்னங்காலை ஒரு உதறு உதறியது. கழி அசையவில்லை. வெள்ளைக் கட்சியான நாங்களும் கத்தினோம். தாத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு தேன்மிட்டாய் வாங்கி வரச் சொன்னார்.

1991இல் பாரிசில், ஈபிள் கோபுரத்தின் அடியில், ஜாப்புலுவுக்குப் பிரிவு விழா நடத்தினார்கள். அந்த நவம்பரிலேயே மாரடைப்பில் செத்துப்போனது. 2013இல் அதன் கதையைச் சினிமாவாகவே எடுத்தார்கள். அந்தச் செய்திகள் வரும்போது சொல்தா வீட்டில் கூட்டம் கூடுவது நின்றுபோயிருந்தது.

எங்கள் தெருவில் நடந்ததுதான் இங்கிலாந்திலும் பெரிய அளவில் நடந்தது என்பதை வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே 1960, 70களில் பிபிசி ராத்திரி நேரத்தில் வெம்ப்ளி அரங்கிலிருந்து ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோவைக் காட்டும். குதிரையைத் தொட்டே பார்த்திராத ஆலைத் தொழிலாளிகள் வீட்டில் குதிரைகளின் பெயர்கள் புழங்கின. டேவிட் புரூம், ஹார்வி ஸ்மித் என்ற பெயர்கள் நம் ஊர் நடிகர் பெயர் போல. மரியன் கோக்ஸ் என்ற பெண் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஸ்ட்ரோலர் என்ற மட்டக் குதிரையில் ஏறி வெள்ளி வாங்கினாள். பெரிய குதிரைகளுக்கு நடுவில் ஒரு மட்டம். ஜாப்புலுவை நேசித்த எங்கள் தெரு ஸ்ட்ரோலரைப் பார்த்திருந்தால் கோயில் கட்டியிருக்கும். பின்னாளில் ஜான் விட்டேக்கரின் வெள்ளைக் குதிரை மில்டன், பந்தயம் ஓடாமல், தாண்டியே பத்து லட்சம் பவுண்டு பரிசு சேர்த்தது. அப்புறம் சுவர் தாண்டும் போட்டி. செங்கல் போல அடுக்கிய மரப்பெட்டிச் சுவரை ஒவ்வொரு சுற்றுக்கும் உயர்த்திக்கொண்டே போவார்கள். 1991இல் பிராங்கே ஸ்லோட்ஹாக் என்ற வீரர் 2.40 மீட்டர் சுவரைத் தாண்டவைத்தார். வெளி மைதான உயரத்தில் 1949இல் சிலி நாட்டில் உவாசோ என்ற குதிரை தாண்டிய 2.47 மீட்டரை இன்றுவரை எதுவும் முறியடிக்கவில்லை. எங்கள் ஊர்க் குடிசையின் கூரை இறவாணத்துக்கு மேலே ஒரு குதிரை போவதை நினைத்துப் பாருங்கள்.

டிவியில் பார்க்கும்வரை நாங்கள் அறிந்த குதிரைகள் வேறு. அம்மா பிறந்தது வில்லியனூர்ப் பக்கம். திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்குப் போவோம். பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர் அது, இப்போதும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். தேரின் முன்னால் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் மரக்குதிரைகள் பூட்டியிருக்கும். பாய்ந்தபடியே இருக்கும், எங்கேயும் இறங்காது. இன்னொன்று அய்யனாரப்பன் கோயில் மண் குதிரை. வில்லியனூர் வட்டாரச் சுடுமண் வேலை புவிசார் குறியீடு வாங்கியது. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார். மாமா வீட்டுக்குப் போகும்போது குயவர் வீட்டு வாசலில் நான் நின்று பார்ப்பேன். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நாலு காலையும் உள்ளே கூடான உருளைகளாக எழுப்புவார்கள். அது காய்ந்து இறுகினால்தான் மேலே வயிறு வைக்க முடியும். கழுத்தும் தலையும் கடைசியில். வயிற்றில் ஒரு துளை விடுவார்கள், சூளையில் வெடிக்காமல் இருக்க. நாலு காலும் தூண் போல ஊன்றி நிற்கும் குதிரை. அய்யனாரப்பன் ராத்திரி வேட்டைக்குப் போகும்போது அது ஓடும் என்று பாட்டி சொல்வார், யாரும் பார்த்ததில்லை. டிவியில் ஒரு குதிரை மண்ணை விட்டு எழுந்து மறுபடி மண்ணில் இறங்கியதைப் பார்த்தபோது, எனக்குக் கிடைத்தது அந்த இறங்குதல்தான். தேர்க்குதிரையிலும் மண்குதிரையிலும் இல்லாதது.

90களில் கேபிள் வந்தது. வீட்டுக்கு வீடு டிவி. சேனல்கள் பத்து, முப்பது, நூறு. விளையாட்டுச் சேனல்களே தனியாக வந்தன. குதிரை தாண்டுவது அங்கேயும் எப்போதாவது வந்திருக்கும். ஆனால் ரிமோட் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் கிரிக்கெட்டில் இருப்பார், அல்லது சீரியலில். வேறு வழி இல்லாததால் பார்த்த ஒன்று, வழி கிடைத்ததும் போய்விட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேண்டியதைப் பார்க்கிற உரிமை நல்லது. ஆனாலும் நாம் தேர்ந்தெடுக்காத ஒன்று நம் முன்னால் வந்து நின்று, நம்மையே மாற்றிவிட்டுப் போகிற வாய்ப்பு அதோடு போயிற்று. இங்கிலாந்தில்கூட 2002இல் அந்த ஷோ வெம்ப்ளியை விட்டு பர்மிங்காமுக்குப் போனது. உலகத்துக் குதிரை தாண்டல் இன்று பெரும்பாலும் சந்தா கட்டியவர்களின் போனில் நடக்கிறது.

இன்னொன்றும் போயிற்று. அதுதான் எனக்குப் பெரிய இழப்பு. டிராக்டர் வந்தது, அறுவடை மெஷின் வந்தது, உழவு மாடு போயிற்று. நெல் இன்றும் விளைகிறது, பாகூர் ஏரி நிரம்பினால் இன்றும் ஊருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பின்னால் நின்று ஒரு மாட்டின் நடையைப் பார்த்து, இடது பின்னங்காலில் வலி இருக்கிறது என்று சொல்லக்கூடிய கண் ஊரில் குறைந்துகொண்டே வருகிறது. குதிரை தாண்டலை எங்கள் தெரு அப்படி ரசித்ததற்குக் காரணம் டிவியின் புதுமை மட்டும் அல்ல. மிருகத்தோடு வேலை செய்தவர்கள் மிருகத்தைப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிகளுக்கு இல்லாத ஒன்று எங்கள் திண்ணைக்கு இருந்தது. தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழில்காரனைப் பார்க்கிற பார்வை அது. பெரியப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சொல்தா வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் பாரிஸ் பக்கம்.

குதிரைகள் மட்டும் விட்டுப் போகவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூரின் ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வாங்கினார். 1982க்குப் பிறகு, 36 வருஷம் கழித்து, குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் சிக்னர் மெடிகாட் என்ற குதிரையோடு இறுதித் தாண்டல் சுற்று வரை போனார். 2023இல் ஹாங்சோவில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும் ஒழுங்கு நடைப் போட்டியில் குழுத் தங்கம் வாங்கினார்கள், அது 41 வருஷம் கழித்து. நான் அந்தச் சுற்றுகளைப் போனில் பார்த்தேன், வயல் வரப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல். 2024இல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் கிறிஸ்டியன் குகுக் செக்கர் 47 என்ற வெள்ளைக் குதிரையில் தங்கம் வாங்கியபோது, வெள்ளைக் கட்சி ஜெயித்துவிட்டது என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக் கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒருவன் கட்டைவிரல் போட்டான்.

நேரில் பார்க்கவும் வழி இருக்கிறது. ஆரோவில்லில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி தாண்டல் போட்டிகள் நடத்துகிறது. பைக்கில் போய்விடலாம். செம்மண் தரையில் குளம்புச் சத்தத்தோடு, மூக்கில் குதிரை வியர்வை ஏறும் தூரத்தில் நின்று பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது, கழி விழும் ஓசை டிவியில் கேட்டதைவிடக் கனம். கழிகள் சிவப்பும் வெள்ளையும், நீலமும் மஞ்சளும். நல்ல இடம், நல்ல வேலை, யாரும் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம். ஆனால் குதிரை நின்று மறுத்த அந்த நொடியில் எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வர வேண்டியிருந்தது. "கணக்கு தப்பிப்போச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு" என்று. வரவில்லை. அங்கே பார்க்க வந்தவர்கள் குதிரை தெரிந்தவர்கள், அல்லது படம் எடுக்க வந்தவர்கள். மாடு தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தன் பழைய ஒளிநாடாக்களை இப்போது இணையத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருக்கிறது. நாடகமும் கச்சேரியும் வருகின்றன, நல்லது. 1982 டெல்லிக் குதிரைகளையும் தேடி எடுத்துப் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. ரகுபீர் சிங்கின் தாண்டல், குலாம் முகமது கானின் தாண்டல், குவைத்துப் பெண் நாதியாவின் தாண்டல். கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கு எங்கள் இளைஞர்கள் கோயில் திடலில் புரொஜக்டர் கட்டித் திரை போடுகிறார்கள். ஒரு ராத்திரி அந்தத் திரையில் இந்தக் குதிரைகளைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி அண்ணே என்றிருக்கிறார்கள். ஊரில் சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. முன்வரிசையில் நாற்காலி போட்டு அவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு குதிரை தாண்டி முடித்ததும் அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இதில் நேரமில்லை.